ஆழம் கண்டவர்கள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வெலிமடை மலையில் நின்றுகொண்டு கடலடியைப் பற்றிப் பேசுகிறானே இவன் என்று உங்களுக்குத் தோன்றலாம். கடல் நமக்குத் தூரந்தான். ஆனால் அதில் மூழ்கியவர்களிடம் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு.

மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்கள், பாரக் கல்லின் துணையோடு ஒரே மூச்சில் இறங்கினார்கள். படகிலிருந்து கயிற்றைப் பிடித்திருந்தவன் கையிலேயே அவர்கள் உயிர் இருந்தது. 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கானியனும் அக்குவாலங் என்னும் கருவியை அமைத்தனர். முதுகிலே காற்றுக் குடுவையைச் சுமந்து, நீருக்குள் நெடுநேரம் உலாவ அது வழி திறந்தது.

இலங்கைக் கடலை அவ்வாறு ஆராய்ந்தவர்களில் மூவரைச் சொல்வேன். ஒருவர் இந்நாட்டவரான றொட்னி ஜொங்க்ளாஸ். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணியாற்றியவர். மற்ற இருவர் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும், அவருடைய நண்பர் மைக் வில்சனும். இங்கிலாந்தில் பிறந்த கிளார்க், 1956இல் இங்கு வந்து, 2008இல் மறையும்வரை இதையே தம் வீடாகக் கொண்டார்.

திருக்கோணமலைக் கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தது உங்களுக்குத் தெரியும். சுவாமி மலையின் அடிவாரக் கடலில், அந்த ஆலயத்தின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் வில்சனும் கிளார்க்கும் கண்டார்கள். நம் முன்னோர் தொழுத கற்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மீன்களுக்கு நடுவே கிடந்தன! அதே வில்சன் பின்னாளில் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி ஆனார்; நம் ஊவாவிலுள்ள கதிர்காமத்து முருகனுக்கு அடியவரானார்.

1961இல் வில்சன், தென்கரைக்கு அப்பாலுள்ள கிரேட் பாசஸ் பாறைத்தொடருக்குச் சென்றார். அவரோடு மூழ்கியவர்கள் யார் தெரியுமா? பதின்மூன்று, பதினான்கு வயதுடைய இரு அமெரிக்கச் சிறுவர்கள்! உடைந்த பழங்கப்பல் ஒன்றும், ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சிட்ட வெள்ளி ரூபாய்களும் அவர்கள் கண்ணிற் பட்டன. இளையவர்களைக் கரையில் நிறுத்திவிட்டுத் தாம் மட்டும் போகவில்லை அவர். கற்பித்து, கூட்டிக்கொண்டு போனார்.

ஆர்வம் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது. அங்கே நெஞ்சு நிறையச் சுவாசித்த காற்று, மேலே வரும்போது இருமடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு எழுபவனின் நுரையீரல் கிழிந்துபோகும். விரைந்து எழுந்தால் இரத்தத்தில் நைதரசன் குமிழிகள் தோன்றி ஆளை முடமாக்கும். ஆகையால் மெல்ல எழு, மூச்சை அடக்காதே, தனியே போகாதே என்பவை அவர்களுடைய கட்டளைகள். ஒவ்வொருவனும் தன் துணைவனைக் கண்ணிலிருந்து விடமாட்டான். ஆசானில்லாமல் இந்த வித்தையைப் பழகுவது உயிரோடு விளையாடுவதாகும்.

இளைஞர்களே! நம் ஆறுகளிலும் அருவிகளிலும் குளிக்கச் சென்ற பிள்ளைகள் பிணமாக வந்த செய்தி நமக்குப் புதிதன்று. மலைநாட்டில் நீச்சல் தெரிந்தவர் சிலர். அதைக் கற்பிப்பவர் அதனினும் சிலர். நீரின் அழகு நம்மை அழைக்கிறது. அதன் இயல்பைச் சொல்லித்தர ஆளில்லை. மூழ்குபவனைக் காக்க நீச்சலறியாத நண்பனும் பாய்கிறான். ஒரு சாவு இரண்டாகிறது. கயிற்றையோ கம்பையோ நீட்ட வேண்டும் என்று எவராவது அவனுக்குச் சொல்லியிருந்தால்!

ஆதலால் இச்சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நீச்சல் அறிந்த உறுப்பினர்கள் முறையான பயிற்சி பெறுங்கள். பின்னர், ஆண்டுதோறும் சிலருக்காவது பாதுகாப்பான இடத்தில் கற்றுக்கொடுங்கள். பெரியோர்களே, ‘தண்ணீர்ப் பக்கம் போகாதே’ என்று தடுத்தால் மட்டும் பிள்ளைகள் நின்றுவிட மாட்டார்கள், பழக அனுமதியுங்கள். பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள்.

தான் மட்டும் ஆழம் கண்டவன் திறமைசாலி. பிறனையும் இறக்கி, பத்திரமாகக் கரையேற்றுபவனே ஆசான். நம்மிடையே அத்தகைய ஆசான்கள் பெருகட்டும்!