ஒடுக்கு எடுக்கும் கலை



ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் தேக்காவில் கார் நிறுத்த இடம் தேடியவர்களுக்குத் தெரியும், கதவிலோ மட்கார்டிலோ ஒடுக்கு விழ ஒரு நொடி போதும். அதைச் சரிசெய்யும் சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் பட்டறைக்காரர்களின் கைத்திறனைப் பற்றி இன்று பேசுகிறேன்.

காரின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாதது. பள்ளத்தின் நடுவில் ஓங்கி அடித்தால் அது விரிந்துபோகும். பிறகு விரலால் அழுத்தினாலே தகரடப்பா மூடிபோல் ‘டொக்’கென்று உள்ளே போய் வெளியே வரும். தேர்ந்தவர் அப்படி அடிப்பதில்லை. டாலி என்னும் இரும்புக் கட்டியைத் தகட்டின் உட்புறம் பிடித்துக்கொண்டு, பள்ளத்தைச் சுற்றி மேடிட்ட விளிம்பை வெளியிலிருந்து மெல்லத் தட்டுவார். விளிம்பு தணியத் தணியப் பள்ளம் எழும்பும். மோதலில் கடைசியாக மடிந்த இடத்தைத்தான் முதலில் விடுவிப்பார். டாலிக்கு நேர் மேலே சுத்தியல் விழுந்தால் கணீரென்று கேட்கும். விலகி விழுந்தால் ஓசை மங்கும். அதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வார். சரியாகிவிட்டதா என்று பார்க்கக் கண்ணை மட்டும் நம்பமாட்டார். உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்.

பெயின்ட் வெடிக்காத சிறு ஒடுக்கு என்றால் இன்னும் நுட்பமான வழி உண்டு. உட்புறமாக நீண்ட கம்பியை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெம்புவார்கள். தகட்டில் பிரதிபலிக்கும் விளக்கின் கோடுகள் வளையாமல் நேராகத் தெரிந்தால் வேலை முடிந்தது. புதிதாகப் பெயின்ட் அடிக்கத் தேவையில்லை.

பட்டி பூசி மறைப்பது இதற்கு நேர்மாறான வேலை. தட்டிச் சமன்செய்த தகட்டில் எஞ்சும் நுண்ணிய ஏற்ற இறக்கத்துக்குத்தான் பட்டி. பள்ளத்தையே பட்டியால் நிரப்பினால் நாளடைவில் வெடிக்கும், ஈரம் இறங்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் அடியில் துரு பரவும்.

1990 முதல் நம் கார்களுக்கு வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுக்குத்தானே, இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். துரு பத்தாண்டு காத்திருக்காது. அடிபட்ட பகுதியையே மாற்றிவிடலாமே என்றால், கதவைக் கழற்றி மாற்றிவிடலாம். பின்சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடோ உடலோடு பற்றவைக்கப்பட்டது. அதை மாற்றினால் ஆலையில் போட்ட பற்றவைப்பையே அறுக்க வேண்டும். தட்டி எடுக்கத் தெரிந்தவர் அந்தச் சேதத்தைத் தவிர்க்கிறார்.

எல்லாவற்றையும் தட்டி எடுக்க முடியாது. உயிர்காக்கும் உறுதிமிக்க எஃகுச் சட்டங்களைச் சூடாக்கினால் பலம் குறையும். அலுமினியத் தகட்டுக்குத் தனிக் கருவிகளும் தனிப் பயிற்சியும் வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்திருப்பதும் இக்கலையின் ஒரு பகுதியே.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது, “எவ்வளவு தட்டி எடுப்பீர்கள், எவ்வளவு பட்டி?” என்று கேளுங்கள். பெயின்ட் அடிக்குமுன் தகட்டைப் பாருங்கள். எஃகுத் தகட்டில் சிறு காந்தத்தை வைத்தால், பட்டி கனத்த இடத்தில் அதன் பிடி தளரும். நன்றாகச் செய்தவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.