ஒரு மேயரின் பூர்வீகம்

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கலாகாது என்று பெரியோர் சொல்லி வைத்தார்கள். ஒருவர் செய்யும் நன்மையைப் பாருங்கள், அவருடைய பிறப்பைத் துருவாதீர்கள் என்பது அதன் பொருள். நல்ல வார்த்தைதான். ஆனால் ஊர் வாய் சும்மா இருப்பதில்லை. நாம் துருவாவிட்டாலும் அது துருவும். ஒன்றும் கிடைக்காவிட்டால் தானே ஒரு கதையைக் கட்டிவிடும். அப்படிக் கதை கட்டப்பட்ட ஒருவரின் குடும்ப வரலாற்றையே இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

இங்கிலாந்தை ஏழாம் எட்வர்ட் மன்னர் 1901 முதல் 1910 வரை ஆண்டார். அந்த ஆண்டுகளையும், முதல் உலகப் போருக்கு முந்திய சில ஆண்டுகளையும் சேர்த்து எட்வர்ட் காலம் என்று சொல்வது வழக்கம். அப்போது லண்டனின் பேட்டர்சீ பகுதியில் ஜான் ரிச்சர்ட் ஆர்ச்சர் என்பவர் புகைப்பட நிலையம் நடத்திவந்தார். 1906ஆம் ஆண்டில் மக்கள் அவரை நகரசபை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். நகரசபைத் தொழிலாளிக்கு வாரம் 32 ஷில்லிங்காவது கூலி வேண்டும் என்று வாதாடியவர் அவர்.

1913 நவம்பர் 10 அன்று பேட்டர்சீ நகரசபை உறுப்பினர்கள் கூடி அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். கிடைத்தது ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். ஆர்ச்சர் கறுப்பினத்தவர். ஆகவே தேர்தலுக்கு முன்பே கேள்விகள் கிளம்பிவிட்டன. இவர் யார்? எந்த நாட்டவர்? ரங்கூனில் பிறந்தவராம், தாய் பர்மாக்காரியாம் என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. அந்நியனை மேயராக்கலாமா என்பதே அந்தப் பேச்சின் உள்நோக்கம்.

ஆர்ச்சர் தமது வெற்றி உரையிலேயே பதில் சொன்னார். தந்தை மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தவர் என்றார். தாம் பிறந்தது நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு சிற்றூர், அதன் பெயர் லிவர்பூல் என்று நகைச்சுவையாகக் கூறினார். இங்கிலாந்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்றைத்தான் அப்படிச் சொன்னார்! தாய் பர்மியர் அல்ல, அயர்லாந்துப் பெண்மணி என்பதையும் பெருமையோடு தெரிவித்தார்.

சபை அவர் சொல்லைக் கேட்டது. ஆனால் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் சொல்லோடு நிற்பதில்லை. தேடப்படுகிறவர் நமக்குப் பிடித்தவராக இருந்தால் இன்னும் கவனமாகவே பார்க்க வேண்டும். எங்கே பார்ப்பது?

முதலில் பிறப்புப் பதிவேடு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் அரசு பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிந்து வருகிறது. பிறப்புப் பதிவில் தேதி, இடம், தகப்பனார் பெயர், அவருடைய தொழில் ஆகியவை இருக்கும். அதோடு தாயின் பெயரும், திருமணத்துக்கு முன் அவளுக்கு இருந்த குடும்பப் பெயரும் இருக்கும். ஆர்ச்சர் 1863 ஜூன் 8 அன்று லிவர்பூலில் பிளேக் வீதியில் பிறந்தவர். தந்தை ரிச்சர்ட் ஆர்ச்சர், பார்படாஸ் தீவினர், கப்பலில் பணியாளர். தாய் மேரி தெரசா பர்ன்ஸ். ரங்கூன் கதை அங்கேயே உடைந்து போகிறது.

அடுத்தது குடிமதிப்பு. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தவர்களின் பெயர்கள் எழுதப்பட்டன. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பு விசேஷமானது. அதில்தான் குடும்பத் தலைவர் தம் கைப்படப் பூர்த்தி செய்த படிவமே பாதுகாக்கப்பட்டது. மணமான பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்றும் அதில் கேட்டார்கள். ஒரு தாயின் துக்கம் முழுவதும் மூன்று எண்களில் அடங்கிக் கிடப்பதை அந்தத் தாள்களில் காணலாம்.

தகப்பனார் கடலோடியானால் கப்பல் ஊழியர் பட்டியல்கள் உதவும். அவற்றில் பெயர், வயது, பிறந்த ஊர், வேலை ஆகியவை காணப்படும். 1863 முதல் 1938 வரையிலான பிரிட்டிஷ் கப்பல் பட்டியல்களில் சுமார் 70 சதவிகிதம் இன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. லிவர்பூல் மாலுமியைத் தேடி அட்லாண்டிக் கடலைக் கடக்க வேண்டியிருக்கிறது!

இன்னும் ஒரு தலைமுறை பின்னே போனால் வழி குறுகிவிடுகிறது. 1834 ஆகஸ்ட் 1 அன்றுதான் பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அங்கே அடிமைப் பதிவேடுகள் எழுதப்பட்டன. எஜமானின் பெயர் முழுமையாக இருக்கும். அடிமைக்கோ பெரும்பாலும் ஒற்றைப் பெயர், ஒரு வயது, அவ்வளவுதான். அது சொத்துக் கணக்காக எழுதப்பட்ட ஏடு. இன்று பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் அதே ஏட்டில் தங்கள் முன்னோரைத் தேடுகிறார்கள்.

நண்பர்களே, இனி இன்னொரு திருப்பத்தைக் கேளுங்கள். ஆங்கில நாட்டின் வரலாற்றிலேயே கறுப்பினத்தவர் ஒருவர் மேயராவது இதுவே முதல் முறை என்று ஆர்ச்சர் தமது உரையில் சொன்னார். மனமாரத்தான் சொன்னார். பின்வந்த பலரும் அதை அப்படியே எழுதினார்கள். ஆனால் அவருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1904இல், நார்ஃபோக் மாவட்டத்தின் தெட்ஃபோர்ட் என்ற சிறு நகரம் ஒரு கறுப்பின மருத்துவரை மேயராக்கியிருந்தது. அவர் பெயர் டாக்டர் ஆலன் கிளேசியர் மின்ஸ். 1858இல் பஹாமாஸ் தீவுகளில் பிறந்தவர். லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் பயின்றார். தெட்ஃபோர்ட் ஏழைகள் விடுதிக்கு மருத்துவ அதிகாரியாக இருந்தார். ஊருக்கு வைத்தியம் பார்த்தவரையே ஊர் தன் தலைவராக்கிக்கொண்டது. அவருடைய மகனும் மருத்துவரானார். முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவப் படையில் பணியாற்றி வீர விருதுகள் பெற்றார்.

டாக்டர் மின்ஸின் பூர்வீகத்தைப் பாருங்கள். அவருடைய தந்தைவழிப் பாட்டனார் இங்கிலாந்திலிருந்து பஹாமாஸ் சென்று குடியேறியவர். பாட்டியாரின் பெயர் ரோசெட். அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஆப்பிரிக்கப் பெண். அந்த ஒற்றைப் பெயரிலிருந்து இரண்டே தலைமுறையில் ஒரு மருத்துவர், ஒரு மேயர்!

ஆர்ச்சர் லண்டனின் முதல் கறுப்பின மேயர் என்ற பெருமை இதனால் குறையவில்லை. 1922இல் வடக்கு பேட்டர்சீ தொகுதியிலிருந்து பம்பாயில் பிறந்த பார்சி இனத்தவரான சாபூர்ஜி சக்லத்வாலா நாடாளுமன்றம் சென்றபோது, அவருடைய தேர்தல் முகவராக உழைத்தவர் இதே ஆர்ச்சர்தான். 1932இல் அவர் காலமானார். 2013இல் பிரிட்டிஷ் அஞ்சல்துறை அவர் படத்தோடு தபால்தலை வெளியிட்டது. அவர் வாழ்ந்த வீட்டில் நினைவுப் பலகையும் பதிக்கப்பட்டது.

இந்த இரண்டு குடும்பங்களும் நமக்குக் கற்றுத் தருவது என்ன? பகைவர் பரப்பிய பொய்யைப் பதிவேடு உடைத்தது. ஆர்ச்சர் உண்மை என்று நம்பிய ஒரு சொல்லையும் அதே பதிவேடுகள் திருத்தின. பதிவேட்டுக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. அதைத் தேடுகிறவருக்கும் அந்த நேர்மை வேண்டும். வம்சப் பெருமைக்காகத் தேடுகிறவர் தமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்வார். உண்மைக்காகத் தேடுகிறவர் கிடைத்ததை எல்லாம் ஏற்றுக்கொள்வார்.

இன்னொன்றும் உண்டு. மேயரின் பெயரைத் தபால்தலையும் கல்வெட்டும் காப்பாற்றும். கப்பலில் பணியாளராக உழைத்தவரையும், லிவர்பூலில் ஒரு சிறு வீட்டில் பிள்ளை பெற்ற மேரி தெரசா பர்ன்ஸையும் யார் காப்பாற்றினார்கள்? பெயர் கேட்டு, எழுத்துக் கூட்டி, அந்தந்தக் கட்டத்தில் சரியாக எழுதி வைத்த ஒரு சாதாரண எழுத்தர்தான். அவர் அன்று அலட்சியமாக இருந்திருந்தால் ரங்கூன் கதையே இன்றும் வரலாறாக நின்றிருக்கும். எளியவர்களின் பெயரைச் சரியாக எழுதி வைப்பது சின்னக் காரியம் அல்ல. அது அவர்களுக்குச் செய்யும் நியாயம்.