ரோட்டரிக்குக் கூடம் கொடுக்கலாமா?

 

நம் போத்தனூர் மதரஸா கூடத்தில் ரத்ததான முகாம் நடத்த ரோட்டரி சங்கம் ஒன்று கேட்டிருக்கிறது. கொடுக்கலாமா என்பதில் நம் நிர்வாகத்திலேயே இரண்டு அபிப்பிராயம்.

ரோட்டரி 1905-ல் சிகாகோவில் வக்கீல் பால் ஹாரிஸ் தொடங்கியது. உறுப்பினர்கள் ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறை வைத்துக் கூடியதால் அந்தப் பெயர். தலைவர் பதவி ஓராண்டுதான். ஜூலை 1 வந்தால் வேறு ஆள். (பல வருடமாக இதே நாற்காலியில் இருக்கும் எனக்கே இது கொஞ்சம் உறுத்துகிறது.)

1985-ல் போலியோவை ஒழிக்க இறங்கினார்கள். உத்தரப் பிரதேசத்தில் நம் மக்கள் பலர், சொட்டு மருந்து பிள்ளைப்பேற்றைத் தடுத்துவிடும் என்று பயந்து கதவை அடைத்தார்கள். கால் சூம்பியது நம் பிள்ளைகளுக்குத்தான். ரோட்டரிக்காரர்கள் சண்டைக்குப் போகவில்லை. ஆலிம்களைத் தேடிப் போய், அவர்களைக் கொண்டே குழு அமைத்தார்கள். மருந்து கொடுங்கள் என்று பள்ளிவாசல்களிலேயே சொல்லப்பட்டது. கதவுகள் திறந்தன. இயற்கையாகப் பரவிய போலியோ நம் நாட்டில் கடைசியாகத் தாக்கியது, 2011 ஜனவரியில் ஹவுராவில் நம் சமுதாயச் சிறுமி ஒருத்தியை.

மக்காவில் அநீதிக்குள்ளானவருக்குத் துணை நிற்கச் செய்துகொண்ட ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் நபி (ஸல்) அவர்கள் இளமையிலேயே கலந்துகொண்டார்கள். நபித்துவத்துக்குப் பிறகும் அதை உயர்வாகவே நினைவுகூர்ந்தார்கள்.

கொடுப்போம் என்பது என் கருத்து. ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகம் கூடுகிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் அங்கே வந்து சொல்லுங்கள். முகாம் நடந்தால், இன்ஷா அல்லாஹ், இளைஞர்கள் வெறும் வயிற்றோடு வந்துவிடாதீர்கள்.