சட்டத்தில் டாக்டர் பட்டம் யாருக்கு?

(மோகனூரில் பேசியது)



சட்டத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெறுவதைப் பற்றிப் பேச வேண்டுமென்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். காவேரிக் கரையில் கரும்பும் வாழையும் வைத்துப் பிழைக்கும் மக்களிடத்தில் இதென்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வாசலிலேயே ஒரு பெரியவர், "சட்டம் படித்தால் வக்கீல், டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர், இரண்டும் ஒரே ஆளா?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான்.

வக்கீல் என்பவர் இருக்கிற சட்டத்தை வைத்துக்கொண்டு தன் கட்சிக்காரருக்காக வாதாடுகிறவர். ஆராய்ச்சி செய்கிறவரோ, அந்தச் சட்டம் எப்படி வந்தது, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், ஏட்டில் இருப்பது வீட்டில் நடக்கிறதா என்று விசாரிக்கிறவர்.

இந்த விசாரணை நமக்கெதற்கு? யாக்ஞவல்கியர் பேரால் உள்ள ஸ்மிருதிக்குச் சுமார் 900 வருஷங்களுக்கு முன் விக்ஞானேசுவரர் என்பவர் 'மிதாக்ஷரா' என்று ஓர் உரை எழுதினார். அவர் நாடாண்ட ராஜாவல்ல, ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய மெம்பருமல்ல, உரையெழுதியவர், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் கோர்ட்டு வைத்தபோது அந்த உரையையே நம் பக்கத்து இந்துக்களின் சட்டம் என்று எடுத்துக்கொண்டான். அதன்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் ஆண் பிள்ளைக்குப் பிறந்தவுடனே பாத்தியம். பெண் பிள்ளைக்கு இல்லை. இந்த ஊர்க் குடியானவர்களில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டிருக்கிறீர்கள்? ஆனாலும் அதன் பேரால்தான் உங்கள் பாட்டிக்கும் அத்தைக்கும் காணி இல்லாமற் போயிற்று. ஆகவே சட்டம் செய்கிறவன் கையில் பாதி அதிகாரமென்றால், அதற்கு அர்த்தம் சொல்லுகிறவன் கையில் மீதி அதிகாரம் இருக்கிறது. அந்த மீதியை நாம் வெகு காலமாகப் பிறரிடம் விட்டுவிட்டோம்.

1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. 60 வருஷம் கழித்து, 1989-ல், தமிழ்நாட்டுச் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பாத்தியம் கொடுத்தது; அதிலும், அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை என்று ஒரு விலக்கு. 2005-ல் இந்தியா முழுமைக்கும் வந்த திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அப்போது தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்ற தகராறு 2020 வரை நடந்து, வேண்டியதில்லை, பாத்தியம் பிறப்பால் வருவது என்று சுப்ரீம் கோர்ட்டு முடித்தது.

"சட்டந்தான் வந்துவிட்டதே, இனி என்ன ஆராய்ச்சி?" என்பீர்கள். தோழர்களே, ரிஜிஸ்தர் ஆபீசில் விடுதலைப் பத்திரம் என்று ஒன்று எழுதுகிறார்களே, அதில் கையெழுத்துப் போட வருகிறவர்கள் யார்? தங்கை, அக்காள். "கேஸ் என்று போனால் தாய்வீட்டு வாசல் மிதிக்க முடியுமா?" என்று சொல்லி அழைத்து வருகிறோமா இல்லையா? அவள் மனதாரப் போட்டாளா, மிரண்டு போட்டாளா? கைக்கு வந்த தொகை என்ன, நிலத்தின் விலை என்ன? பத்திரங்களைப் புரட்டி, வீடு வீடாகப் போய்க் கேட்டு, கணக்கெடுத்து எழுதினால் அதுதான் சட்ட ஆராய்ச்சி. அதை எழுதத் தகுந்தவர் யார்? அந்தக் கையெழுத்தைப் போட்டவளின் மகளைவிட வேறு யார்?

நம் பக்கத்தில் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயன் அவர்கள் ஆக்ஸ்போர்டு வரை சென்று படித்து, சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதன் மந்திரியாகவும் இருந்தார். அவருக்குக் கப்பலேறப் பணமிருந்தது. இன்று கப்பல் வேண்டாம், பஸ் போதும். 2019 முதல் நாமக்கல்லிலேயே சர்க்கார் சட்டக் கல்லூரி இருக்கிறது. பள்ளிப் படிப்புக்குப் பின் ஐந்து வருஷம், அல்லது ஒரு பட்டத்துக்குப் பின் மூன்று வருஷம் சட்டம், அப்புறம் எம்.எல். என்று நாம் சொல்லிவந்த எல்.எல்.எம்.; அதில் 100-க்கு 55 மார்க்கு, பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு 50; அதன் பின் நுழைவுப் பரீட்சை அல்லது நெட் பரீட்சை. 2022-ம் வருஷத்து விதிப்படி ஆராய்ச்சிக்குக் குறைந்தது 3 வருஷம், அதிகம் 6 வருஷம். பெண்களுக்கு மேலும் 2 வருஷம் தரலாம். பிரசவத்துக்கு 240 நாள் வரை லீவு உண்டு. நெட் பரீட்சையில் உதவித்தொகைக்குத் தேறினால் 2023-ல் உயர்த்தியபடி மாதம் 37,000 ரூபாய். எழுதியதை வெளியார் இருவராவது பரிசோதித்து, நேரில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள்.

பாதை சுலபமென்று நான் சொல்ல வரவில்லை. பெரிய தடை பரீட்சையுமல்ல, பணமுமல்ல. எல்.எல்.எம். முடிப்பதற்குள், "வயதாகிறது, இன்னும் என்ன படிப்பு?" என்று வீட்டில் கேட்கிறோமே, அதுதான். மகனை மட்டும் அப்படிக் கேட்கிறோமா?

இன்னொன்று: வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவதற்காக, பழைய புத்தகங்களிலிருந்து வெட்டி ஒட்டிப் பட்டம் வாங்குவதானால், அது நெற்றியில் பட்டை போடுவதற்குச் சமானம். அந்தப் பட்டம் ஒருவருக்கும் வேண்டாம்.

ஆகவே, நான் சொல்லியது சரியென்று உங்கள் புத்திக்குப் பட்டால், இன்றிரவு வீட்டுக்குப் போய், சட்டம் படிக்கிற உங்கள் பெண்ணிடம், "மேலே படிக்கிறாயா, அம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்த உரையை அவள் எழுதட்டும் என்று சொல்லி, இம்மட்டில் முடித்துக்கொள்ளுகிறேன்.