முடிவு தெரிந்த கதை



ஒரு கடையில் இருமுறை பழுதான பண்டத்தை வாங்கி ஏமாந்தவர், மூன்றாம் முறை அக்கடை வாயிலில் எந்த மனநிலையோடு நிற்பார்? கையில் காசு இருக்கும். நெஞ்சில் நம்பிக்கை இராது. பண்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடைக்காரர் சொல்லும் நற்சொல் எதுவும் அவர் காதில் ஏறாது. கலையுலகிலும் இந்நிலை உண்டு. 'சூப்பர் ஹீரோ' என்று உலகம் வழங்கும் அதிமனித வீரர்களைப் பற்றிய முன்கதைப் படம் ஒன்று, இவ்வாறு நம்பிக்கை இழந்து வந்து அமரும் பார்வையாளரை மீண்டும் தன்வயப்படுத்த இயலுமா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

பொதுப்படப் பேசினால் பயன் இல்லை. ஆதலின் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அது 2011ஆம் ஆண்டில் வெளிவந்த 'எக்ஸ்-மென்: ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்னும் படம்.

முதலில் முன்கதை என்பது யாது? ஒரு கதை வெளிவந்து மக்களிடம் பரவிய பின்னர், அக்கதை தொடங்குவதற்கு முன் நிகழ்ந்தவற்றை எடுத்துரைப்பதே முன்கதை. வெளிவந்த வரிசையில் அது பிந்தியது. கதையின் காலத்தில் முந்தியது. இதனால் அதற்கு ஓர் இடர்ப்பாடு பிறப்பிலேயே அமைந்துவிடுகிறது. பார்ப்பவருக்கு முடிவு முன்னரே தெரியும். எவன் பிழைப்பான், எவன் பகைவன் ஆவான் என்பதெல்லாம் தெரிந்த பிறகு, இரண்டு மணி நேரம் இருளில் அமர்ந்திருப்பது எதற்காக?

எக்ஸ்-மென் கதையை ஸ்டான் லீ, ஜாக் கிர்பி என்னும் இருவர் 1963ஆம் ஆண்டில் படக்கதை வடிவில் தொடங்கினர். பிறவியிலேயே விந்தையான ஆற்றல் பெற்ற சிலர் உலகில் தோன்றுகின்றனர். மற்ற மனிதர் அவர்களைக் கண்டு அஞ்சுகின்றனர், வெறுக்கின்றனர். அவர்களுள் இருவர் தலைவராகின்றனர். பிறர் மனத்தைப் படிக்க வல்ல சார்லஸ் சேவியர் ஓர் ஆசிரியர்; இளைஞர்களுக்குப் பள்ளி நடத்தி, மனித இனத்தோடு இணங்கி வாழலாம் என்று கற்பிக்கிறார். உலோகத்தை விரும்பியவாறு வளைக்க வல்ல எரிக் லென்ஷெர், மனித இனத்தை நம்புவது பேதைமை என்று கருதுகிறார். மாக்னீட்டோ என்பது அவர் பூண்ட பெயர்.

2000ஆம் ஆண்டில் இக்கதை திரைக்கு வந்தது. 2003இல் வந்த இரண்டாம் படமும் நற்பெயர் பெற்றது. 2006இல் வந்த மூன்றாம் படமோ, முதன்மையான பாத்திரங்கள் சிலரை அவசர அவசரமாகச் சாகடித்து, அன்பர் பலரின் மனத்தைப் புண்படுத்தியது. அதன்பின் 2009இல் வுல்வரின் என்னும் வீரனைப் பற்றிய முன்கதைப் படம் ஒன்று வந்தது. அவன் தன் பழமையை மறந்தவன். அம்மறைவே அவனிடம் நம்மை ஈர்த்தது. 2009இன் படம் அம்மறைவுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தது. நினைவு ஏன் போயிற்று என்றால், தலையில் ஒரு குண்டு பாய்ந்தது என்று விடை தந்தது. விடை கிடைத்தது, வியப்புப் போயிற்று. பேச்சையே படைக்கலமாகக் கொண்ட மற்றொரு பாத்திரத்தின் வாயைத் தைத்துவிட்ட கொடுமையும் அப்படத்தில் உண்டு.

எனவே 2011இல் திரையரங்கிற்கு வந்தவர்களிடம் மூவகை ஐயம் இருந்தது எனலாம். முந்தைய இரு படங்களால் நம்பிக்கை இழந்தவர் ஒரு சாரார். முடிவுதான் தெரியுமே என்று சலித்தவர் மற்றொரு சாரார். வண்ண உடை அணிந்து வானில் பறப்போர் கதை சிறுவர் விளையாட்டன்றோ என்று எண்ணும் என் போன்ற முதியோர் மூன்றாம் சாரார். இம்மூவரையும் எதிர்கொள்ள இயக்குநர் மாத்யூ வான் செய்தவை யாவை என்று பார்ப்போம்.

அவர் புதியதாக எதையும் தொடங்கவில்லை. நாம் முன்பு கண்ட காட்சி ஒன்றையே முதலில் வைத்தார். 1944ஆம் ஆண்டு, போலந்து நாடு, நாஜிகளின் வதைமுகாம். யூதச் சிறுவன் ஒருவனைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கின்றனர். அவன் கதறுகிறான், இரும்பு வாயில் வளைகிறது. 2000ஆம் ஆண்டின் படமும் இக்காட்சியோடுதான் தொடங்கியது. ஆனால் அங்கு அது நின்ற இடத்தில் இது நிற்கவில்லை. சிறுவனை ஓர் அறைக்கு அழைத்துச் செல்கின்றனர். அங்கிருக்கும் அதிகாரி மேசைமேல் ஒரு நாணயத்தை வைத்து, அதைக் கைபடாமல் நகர்த்து என்கிறான். சிறுவனால் இயலவில்லை. தாயைக் கொண்டுவந்து அவன் கண்முன் நிறுத்தி, எண்ணத் தொடங்குகிறான் அதிகாரி. எண்ணி முடிகிறது, நாணயம் நகரவில்லை, தாய் சுடப்படுகிறாள். அதன்பின் எழும் சினத்தில் அவ்வறையின் உலோகம் எல்லாம் நொறுங்குகிறது. சிறுவர் விளையாட்டு என்று எண்ணி வந்த மூன்றாம் சாரார் இவ்விடத்திலேயே நிமிர்ந்து அமர்வர்.

அடுத்து, கதைக்களம் 1962க்கு நகர்கிறது. அவ்வாண்டு அக்டோபரில், கியூபாத் தீவில் சோவியத் நாடு அணு ஏவுகணைகளை அமைத்ததை அமெரிக்கா கண்டறிந்தது. 16ஆம் நாள் முதல் 28ஆம் நாள் வரை, பதின்மூன்று நாட்கள் உலகம் அணுப்போரின் விளிம்பில் நின்றது. வரலாறு பயிலும் மாணவர் இதனை நன்கறிவர். இப்படம் அந்நெருக்கடிக்குள் தன் பாத்திரங்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அன்று உலகம் அழியவில்லை என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் அஞ்சுகிறோம். முடிவு தெரிந்த வரலாற்றை, முடிவு தெரிந்த கதைக்குப் பின்புலமாக வைத்தது நல்ல தேர்வு.

ஆயினும் படத்தின் உயிர் ஏவுகணைகளில் இல்லை. சார்லசும் எரிக்கும் கொள்ளும் நட்பில் இருக்கிறது. ஜேம்ஸ் மெக்கவாய், மைக்கேல் ஃபாஸ்பெண்டர் என்னும் இரு நடிகர் இவ்வேடங்களை ஏற்றனர். ஓர் காட்சியை மட்டும் கூறுகிறேன். தொலைவில் நிற்கும் மாபெரும் அலைவாங்கிக் கிண்ணம் ஒன்றைத் திருப்பிக் காட்டு என்கிறார் சார்லஸ். எரிக் தன் சினத்தை எல்லாம் திரட்டி முயல்கிறார், அது அசையவில்லை. அப்போது சார்லஸ் அவர் மனத்தினுள் சென்று, மறந்துபோன நினைவு ஒன்றை எடுத்துத் தருகிறார். தாயும் மகனும் பண்டிகை விளக்குகளை ஏற்றிய ஓர் இரவு. இருவர் கண்களும் கலங்குகின்றன. கிண்ணம் மெல்லத் திரும்புகிறது. மாணவனுக்குள் ஏற்கெனவே இருக்கும் நன்மையைக் கண்டெடுத்து அவன் கையிலேயே கொடுப்பவன்தான் ஆசிரியன் என்பதை, பல்லாண்டு வகுப்பறையில் நின்ற நான் இதைவிடத் தெளிவாகச் சொல்ல மாட்டேன்.

இனி முடிவுக்கு வருவோம். கியூபாவின் கடற்கரை. இரு நாட்டுக் கப்பல்களும் பகைமையை மறந்து, ஆற்றல் பெற்ற இவ்விளைஞர் மீது ஏவுகணைகளை ஏவுகின்றன. எரிக் அவற்றை நடுவானில் நிறுத்தி, கப்பல்களை நோக்கித் திருப்புகிறார். சார்லஸ் மன்றாடுகிறார். கப்பலில் இருப்போர் மேலோர் ஆணைக்குக் கீழ்ப்படியும் எளியோர் என்கிறார். ஐயகோ, சொல்லத் தகாத சொல் அதுவே! ஆணைக்குக் கீழ்ப்படிந்தவர்களின் கையில்தான் எரிக்கின் இளமை அழிந்தது. உலகத்தார் மனத்தை எல்லாம் படிக்க வல்லவர், தம் நண்பரிடம் எச்சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்பதை அறியவில்லை. சற்று நேரத்தில், எரிக்கை நோக்கிச் சுட்ட குண்டு ஒன்றை அவர் கையால் விலக்க, அது சார்லசின் முதுகில் பாய்கிறது. முந்தைய படங்களில் சேவியர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்ததன் காரணம் நமக்கு அப்போது விளங்குகிறது.

இங்கே 2009இன் படத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கருதுங்கள். அங்கும் ஒரு குண்டு. இங்கும் ஒரு குண்டு. அது ஒரு புதிருக்கு விடையாக மட்டும் வந்தது. இது ஒரு நட்பின் முறிவாக வந்தது. சேவியர் நடக்க மாட்டார் என்பதை நாம் முன்பே அறிவோம். அவரை அந்நிலைக்கு ஆளாக்கியவர், அவரை மடியில் ஏந்தி அழும் நண்பரே என்பதை அறியோம். பண்டை ஏதென்சு நகரத்தார் ஈடிப்பசு மன்னனின் முடிவை அறிந்தே அரங்கிற்கு வந்தனர். கோவலன் கொலையுண்பான் என்பதை அறிந்த நாமும், அவன் சிலம்போடு மதுரைக் கடைவீதியில் நடக்கும்போது நெஞ்சு பதைக்கிறோம். முடிவு தெரிந்திருப்பது கதைக்குக் குறை அன்று. என்ன நடக்கும் என்ற ஆவல் நீங்கிய இடத்தில், ஐயோ நடவாதிருக்கக் கூடாதா என்ற ஏக்கம் பிறக்க வேண்டும். அது பிறந்துவிட்டால், முடிவுதான் தெரியுமே என்று சலித்தவர் சலிப்பு நீங்குவர்.

மற்றொரு நற்பயனும் உண்டு. 2000ஆம் ஆண்டின் படம், நெகிழியால் கட்டிய சிறை ஒன்றில் இரு முதியவர் சதுரங்கம் ஆடும் காட்சியோடு முடிவை நெருங்கும். பேட்ரிக் ஸ்டூவர்ட்டும் இயன் மெக்கெல்லனும் நடித்த காட்சி அது. முன்கதையில் இளைஞராக அவ்விருவரும் சதுரங்கம் ஆடுவதைப் பார்த்தபின், பழைய படத்தை மீண்டும் பாருங்கள். அவர்களிடையே கிடக்கும் பலகை வேறொன்றாகத் தோன்றும். நல்ல முன்கதை தன்னளவில் நிற்பதோடு, தனக்கு மூத்த கதையையும் ஆழமாக்குகிறது.

இப்படத்திற்குக் குறைகள் இல்லையா? உண்டு. பதினேழாம் வயதில் எரிக்கைச் சந்தித்ததாகப் பழைய படத்தில் சேவியர் கூறுவார். இதிலோ இருவரும் வளர்ந்த ஆடவராகச் சந்திக்கின்றனர். 2006இன் படம் பிற்காலத்திலும் அவர் நடப்பதாகக் காட்டியது. இது அவரை 1962இலேயே நாற்காலியில் அமர்த்திவிட்டது. இளைஞர் குழுவில் இருந்த கறுப்பின இளைஞனை முதலில் கொன்றுவிட்டதும், வேற்றுமையால் ஒதுக்கப்படுவோரைப் பேசவந்த படத்திற்குப் பொருந்தாத செயல். எனினும், கணக்குப் பிழைகளைப் பெரும்பாலோர் பொறுத்தனர். ஆண்டு தவறினால் பார்வையாளர் பொறுப்பர்; பாத்திரத்தின் இயல்பு தவறினால் பொறுக்க மாட்டார்.

இனி, ஐயுற்றவர் உண்மையில் மனம் மாறினரா என்பதற்கு வருவாய்க் கணக்கையும் பார்த்தல் நலம். அமெரிக்காவில் முதல் வார இறுதியில், 2006இன் படம் 10 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 2009இன் படம் ஏறத்தாழ 8 கோடியே 50 இலட்சம். நாம் பேசும் இப்படமோ ஏறத்தாழ 5 கோடியே 50 இலட்சம் டாலரே ஈட்டியது. உலகளவில் அதன் மொத்த வருவாய் ஏறத்தாழ 35 கோடி. விமர்சகரால் குறைகூறப்பட்ட 2009இன் படத்தைவிடக் குறைவு! படம் சிறந்தது, வாயிலில் கூட்டம் குறைந்தது. முன்னோர் பட்ட கடனைப் பின்வந்தது அடைத்தது எனலாம். 2014இல் அதன் தொடர்ச்சி வந்தபோது முதல் வார இறுதியில் 9 கோடியும், உலகளவில் 74 கோடிக்கு மேலும் திரண்டது. பழைய நடிகர்கள் மீண்டும் தோன்றியதும் அதற்கு ஒரு காரணமே. ஆயினும் முன்கதை மீட்ட நம்பிக்கை இன்றி அவ்வெற்றி வாய்த்திராது என்பதே என் கருத்து.

பேட்மேன் படங்களிலும் இதே நிலையைக் காணலாம். 1997இல் வந்த படம் எள்ளலுக்கு இலக்காயிற்று. எட்டாண்டு கழித்து, 2005இல், கிறிஸ்டோபர் நோலன் அவ்வீரன் உருவான கதையைப் புதிதாகத் தொடங்கிச் சொன்னார். முதல் வார இறுதியில் கிடைத்தது 5 கோடிக்கும் குறைவு. 2008இல் அவரே இயக்கிய அடுத்த படத்திற்கோ 15 கோடிக்கு மேல். ஐயம் கொண்டவர் நுழைவாயிலில் மனம் மாறுவதில்லை, வெளிவாயிலில் மாறுகிறார். அதன் பலனை அடுத்த படம் அறுவடை செய்கிறது.

அவ்வாறு மீண்ட நம்பிக்கையும் நிலையான சொத்து அன்று. இதே எக்ஸ்-மென் இளைஞர் வரிசையின் 2019ஆம் ஆண்டுப் படம், முதல் வார இறுதியில் 3 கோடியே 30 இலட்சம் டாலர் அளவிலேயே நின்றது. எட்டாண்டில் ஈட்டியதும் இழந்ததும் நிகழ்ந்துவிட்டன.

மாணவர்களே, நான் இவற்றை எல்லாம் கூறியது உங்களைத் திரையரங்கிற்கு அனுப்புவதற்கு அன்று. ஐயுறுவது அறிவுடையோர் கடன். விளம்பரத்தைக் கண்டு மயங்காமல், முன்பு என்ன செய்தாய் என்று கேட்பது உங்கள் உரிமை. ஆனால் ஐயத்திற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. பார்க்குமுன் ஐயுறுங்கள், பார்க்கும்போது திறந்த மனத்தோடு பாருங்கள், பார்த்தபின், நன்று என்று கண்டால் நன்று என்று சொல்லக் கூசாதீர்கள். ஒரு முறை தவறிய மாணவன் மறுதேர்வு எழுதும்போது, பழைய மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டே புதிய விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியரை நீங்கள் நேர்மையாளர் என்று சொல்வீர்களா? நூலாயினும், திரைப்படமாயினும், அடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கும் தோழனாயினும், புதிய விடைத்தாளைப் புதிதாகவே படியுங்கள்.