குடும்பத் தொழிலும் வழித்துணையும்

(திருக்குடமுழுக்கு விழாவினையொட்டி, விரிஞ்சிபுரம் அருள்மிகு மார்க்கபந்தீசுவரர் திருக்கோயிலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அடியேன் புலவனல்லன்; வேலூரில் வெல்ல மண்டி வைத்திருந்த ஒரு குடும்பத்தில் பிறந்து, சிட்டையும் பேரேடும் எழுதியே தலை நரைத்தவன். சமயப் பேருரைகள் பல நிகழ்ந்த இம்மேடையில் வணிகனுக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆயினும் இங்கு எழுந்தருளியிருக்கும் பெருமானின் திருநாமமே எனக்குத் துணிவு தருகின்றது. மார்க்கபந்து என்றால் வழித்துணைவர். மிளகு மூட்டைகளுடன் கள்வர் அஞ்சும் வழியே சென்ற வணிகன் ஒருவனுக்குக் குதிரை வீரனாய்த் துணை போந்தமையால் இப்பெயர் எய்திற்று என்று தலவரலாறு கூறும். அடையபலத்தில் தோன்றிய அப்பைய தீட்சிதர் இத்திருநாமத்தையே பல்லவியாக அமைத்துத் தோத்திரம் பாடினார். ஆதலின் வணிகரைப் பற்றி இச்சந்நிதியில் பேசுவது தவறாகாது.

இத்தலத்தின் மற்றொரு வரலாறு நம் பொருளுக்கு இன்னும் அணுக்கமானது. பெருமானின் திருமுடியைக் காண இயலாத பிரமன், இவ்வூர் அர்ச்சகர் ஒருவருக்குச் சிவசர்மன் என்னும் மகனாகப் பிறந்தான். தந்தை காலமானபோது மகன் சிறுவன். பூசை முறையையும் அதனோடு வந்த உடைமையையும் கவர எண்ணிய தாயாதிகள், "முறைநாளில் உன் மகன் வந்து பூசை செய்யட்டும், இல்லையேல் உரிமையை விட்டுவிடு" என்று தாயை நெருக்கினர். அவர்கள் வாளெடுத்து வரவில்லை, முறையையே கருவியாக எடுத்து வந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தொழில் உள்ள குடும்பங்களில் இன்றும் பூசல் இவ்வாறே தொடங்குகின்றது. தாய் பெருமானிடம் முறையிட்டாள். முதியவர் வடிவில் பெருமானே எழுந்தருளி, பிரம தீர்த்தத்தில் சிறுவனை நீராட்டி, உபநயனமும் தீட்சையும் அருளினார். கார்த்திகைக் கடைஞாயிறன்று சிறுவன் பூசைக்குச் சென்றான். திருமுடியை எட்ட அவன் கை போதவில்லை. பெருமான் தாமே திருமுடியைச் சாய்த்துக் கொடுத்தார். இன்றும் இலிங்கத் திருமேனி சற்றே சாய்ந்திருப்பதை நாம் கண்ணாரக் காண்கின்றோம்.

இவ்வரலாற்றைச் சிறுவயதிலிருந்து கேட்டு வந்தும், என் நாற்பத்தைந்தாம் வயதிலேதான் அதன் பொருள் எனக்குத் தைத்தது. என் தந்தையார் நல்ல வணிகர். சிப்பத்தைத் தொட்டுப் பார்த்தே வெல்லத்தின் தரத்தைச் சொல்லிவிடுவார். ஆனால் எழுபது வயது கடந்தும் இரும்புப் பெட்டிச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. பேரன் பேத்தி எடுத்த நான், ஆளுக்குக் கூலி கொடுக்கவும் அவரிடம் சாவி கேட்டு நிற்பேன். வேறு யாருக்கும் கொள்முதலின் நெளிவு சுளிவு தெரியாதிருந்தது. அவர் படுக்கையில் விழுந்த ஆண்டில் மண்டி பாதியாகச் சுருங்கியது. சிற்றப்பா பங்கு கேட்டார். கேட்டதில் நியாயமும் இருந்தது. இறைவனே சாய்ந்து கொடுத்த ஊரின் அருகிலிருந்தும் எங்கள் வீட்டில் யாரும் சாயவில்லை. இதனைத் தந்தையார் மீது குறையாகச் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டால் தாம் யார் என்பது அவருக்குத் தெரியாதிருந்தது.

இதற்கு மாறாக நடந்தவரும் நம் நாட்டில் உண்டு. 1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், 1911-ல் மதுரையில் தம் நிறுவனத்தைத் தொடங்கிப் பேருந்து விட்டார். நிறுவனத்தின் பெயரிலேயே "அண்டு சன்ஸ்" என்று மக்களையும் சேர்த்து வைத்தார். பெயரில் சேர்ப்பது எளிது. பொறுப்பில் சேர்ப்பதே அரிது. ஐந்து புதல்வரையும் அவர் தொழிலில் பழக்கினார். 1955-ல் மறையும் முன்னரே பொறுப்பை அவர்களிடம் விட்டு ஒதுங்கினார். பின்னர் கிளைகள் பல்கின. ஒவ்வொரு கிளையும் வெவ்வேறு கம்பெனியை நடத்தி வந்தது. உடைமை மட்டும் பொதுவாயிருந்தது. மூன்றாம் நான்காம் தலைமுறையினர் கூடி, எந்தக் கிளை எதனை நடத்துகின்றதோ அதன் உடைமையும் அக்கிளைக்கே என்று உடன்பட்டு, 2022-ல் சட்டப்படி பிரித்துக் கொண்டனர். பிரிந்தார்களே என்று சிலர் வருந்தினார்கள். அடியேனுக்கு அதில் வருத்தமில்லை. நடத்துபவன் ஒருவன், உடையவன் மற்றொருவன் என்ற நிலை எத்தனை குடும்பங்களை நீதிமன்றப் படியேற்றியிருக்கின்றது!

நகரத்தார் பெருமக்கள் இதற்கு இன்னும் பழைய வழியொன்று வைத்திருந்தார்கள். மகனுக்கு மணம் முடிந்ததும் அதே வளவில் தனி அறையும் தனி அடுப்பும் கொடுத்து "வேறு வைப்பது" அவர்கள் மரபு. ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். இளந்தம்பதியர் அதற்குள் குடும்பம் நடத்திப் பழக வேண்டும். ஒரே கூரை, வெவ்வேறு கணக்கு. வணிகப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எது?

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும. இத்திருக்கோயிலில் 1425-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று இருக்கின்றது. விசயநகர மன்னர் தேவராயர் காலத்தது. படைவீட்டு இராச்சியத்து அந்தணராகிய தமிழர், தெலுங்கர், கன்னடர் முதலிய பலரும் கூடி, இனிப் பெண்ணுக்குப் பொன் வாங்காமல் கன்னிகாதானமாகவே மணம் முடிப்பதென உடன்பட்டு அதனைப் பொறித்து வைத்தனர். மீறினால் அரச தண்டனையும் உண்டு. ஊரார் செய்த உடன்பாட்டை அவர்கள் கல்லிலே எழுதினார்கள். நாமோ அண்ணன் தம்பி உடன்பாட்டைத் தாளிலே எழுதவும் கூசுகின்றோம்!

இங்கே ஐயமொன்று எழலாம். தந்தை தொழிலை மகன் செய்தே தீரவேண்டுமோ? வேண்டியதில்லை என்பதே என் கருத்து. பிறப்பினால் தொழிலைக் கட்டிவைத்த காலத்தின் கொடுமையை நாம் அறிவோம். விரும்பி வருபவனுக்கு வழிவிடுவதைப் பற்றியே பேசுகின்றேன். விரும்பி வருபவன் என்றேன். வருபவள் என்றும் கொள்க. 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் நாடு முழுவதிலும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்குப் பிறப்புரிமை சட்டமாயிற்று. சப்பானில் கோயில் கட்டும் தச்சர் குடும்பம் ஒன்று இருந்தது. கொங்கோ குமி என்பது அதன் நிறுவனப் பெயர். 578-ல் ஒசாகா நகரத்து ஷித்தென்னோசிக் கோயிலைக் கட்ட வந்த தச்சரைத் தம் முதல்வராகக் கொண்டு நாற்பது தலைமுறைக் கணக்கு வைத்திருந்தது. பிள்ளை தகுதியற்றவனாயின் தகுதியுள்ள மருமகனைச் சுவீகாரம் எடுப்பது அவர்கள் வழக்கம். 1932-ல் முப்பத்தேழாம் தலைவர் தொழில் நொடித்த துயரால் உயிர் மாய்த்துக் கொண்டார். அவருடைய மனைவி யோஷியே அம்மையார் தலைமையேற்றுத் தொழிலைத் தூக்கி நிறுத்தினார். அத்தகைய குடும்பமும் நிலமனை விலை ஏறிய காலத்தில் கோயிற்பணிக்கு அப்பால் கடன்பட்டு, 2006-ல் வேறொரு கம்பெனிக்குள் அடங்கிற்று. உளி பிடித்த கையைக் கடன் பத்திரம் வீழ்த்தியது.

இனி நம் பாலாற்றங்கரைக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை என்று நம்மைச் சூழ்ந்துள்ள ஊர்களில் தோல் பதனிடும் தொழிலைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருபவர்களுள் மிகப் பலர் இசுலாமியப் பெருமக்கள். பாட்டனார் ஆவாரம் பட்டையிட்டுப் பதனிட்டு அரைப்பதத் தோலைக் கப்பலேற்றினார். 1970-களில் அரசு அவ்வேற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது மகனும் பேரனும் முழுப்பதத் தோலுக்கும், பின் காலணிக்கும் மாறினார்கள். மாறத் துணிந்த குடும்பங்கள் தழைத்தன. ஆயிரமாயிரம் வீடுகளில் அடுப்பெரிந்தது. இது மெய்.

ஆற்று நீரும் நிலத்தடி நீரும் கெட்டதும் மெய். 1996-ல் உச்சநீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்துத் தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. அதன்வழி அமைந்த ஆணையம் 2001-ல் இம்மாவட்டத்தில் 15,000 எக்டேருக்கு மேற்பட்ட நிலமும் 29,193 பேரும் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. 2025 சனவரியில் அந்நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, இழப்பீட்டையும் ஆற்றைச் சீர்செய்வதையும் வலியுறுத்தியது. ஐந்தொகை எழுதும்போது வரவேண்டியதை ஒரு பக்கமும் கொடுக்க வேண்டியதை மறுபக்கமும் எழுதுகின்றோம். பிள்ளைக்கு ஆலையைக் கொடுப்பவர், அந்த மறுபக்கத்தையும் சேர்த்தே கொடுக்கின்றார். பதனிடும் ஆலையை மட்டும் சொல்வது நேர்மையாகாது. இந்த ஆற்று மணலை அள்ளியவரும், கரும்புக்கு நீர் இறைத்து அந்த வெல்லத்தை எங்கள் மண்டிக்கு அனுப்பியவரும், அதை விற்ற நாங்களும் அந்தப் பக்கத்தில் உண்டு.

எங்கள் மண்டியின் கதையை முடித்துவிடுகின்றேன். பாகப் பிரிவினையன்று பேரேட்டைப் புரட்டி ஒவ்வொரு கணக்காகப் பிரித்தோம். கட்டடம், நிலுவை, தராசு, வண்டிமாடு வரை பிரிந்தன. கடைசியில் "சுவாமி மகமை" என்று தலைப்பிட்ட பக்கம் வந்தது. சிப்பத்துக்கு இவ்வளவு என்று பாட்டனார் காலத்திலிருந்து எடுத்து வைத்த காசு. காலையிலிருந்து ஒருவரையொருவர் முகம் பாராதிருந்த தந்தையாரும் சிற்றப்பாவும் அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தார்கள். பிறகு சிற்றப்பா, "அண்ணா, இதை மட்டும் கிழிக்க வேண்டாம்" என்றார். தந்தையார் தலையசைத்தார். அன்று அவர் பேசாமலே ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

இரண்டு கடைகளும் அந்த ஒரு கணக்கில் இன்றுவரை பணம் கட்டி வருகின்றன. இத்திருக்குடமுழுக்குத் திருப்பணிக்கு நாங்கள் செலுத்திய சிறு தொகை அதிலிருந்து வந்ததே. ஐந்தாண்டுகளாக அக்கணக்கை எழுதி வருபவள் சிற்றப்பாவின் பேத்தி, முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றாள். இரும்புப் பெட்டிச் சாவியும் இப்போது அவளிடம் இருக்கின்றது.