கட்டணம் வாங்காத கைகள்

தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நிலத்தைத் தோண்டிப் புதைத்தவனைத் தலைவர் கடிந்துகொண்டதும் நமக்குத் தெரியும். தாலந்தைப் பெருக்கியவன் பிறகு அதை யாருக்காகச் செலவழித்தான் என்ற கேள்வி மட்டும் நமக்குள் அதிகம் எழுவதில்லை. இன்று ஓர் இசைக்கலைஞரின் வாழ்வை வைத்து அதைச் சிந்திப்போம்.

பிரான்ஸ் லிஸ்ட் 1811ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அன்றைய அங்கேரி நாட்டின் ரைடிங் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இன்று ஆஸ்திரியாவில் இருக்கிறது. தந்தை ஆடம் இளமையில் பிரான்சிஸ்கன் சபையில் நவதுறவியாக இருந்து வெளியேறியவர், பிறகு ஒரு பிரபுவின் பண்ணையில் வேலை பார்த்தார். மகனின் விரல்களில் இருந்த வரத்தைக் கண்டு அவனை வியன்னாவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பீத்தோவனின் மாணவரான செர்னி சிறுவனுக்குப் பியானோ கற்றுக்கொடுத்தார். சில வகுப்புகள் முடிந்ததும் இனிமேல் கட்டணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்வோம்.

1827இல் தந்தை இறந்தபோது லிஸ்டுக்கு வயது 15. பாரிசில் வீடு வீடாகப் பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுக்கொடுத்துத் தாயைக் காப்பாற்றினார். அந்த நாள்களில் குருமடத்தில் சேர வேண்டுமென்ற ஏக்கம் அவரை வாட்டியது. தாயும் ஆன்மகுருவும் அதைத் தடுத்தார்கள். இசைதான் உன் அழைத்தல் என்றார்கள்.

அதன் பிறகு வந்த புகழை என்னவென்று சொல்வது! 1839 முதல் 1847 வரை ஐரோப்பா முழுவதும் ஓய்வில்லாத பயணம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். பெர்லினில் மக்கள் அவரைப் பார்க்க அலைமோதினார்கள். இன்றைய திரைப்பட நடிகர்களுக்குக் கூடும் கூட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஆனாலும் 1838இல் பெஸ்ட் நகரைத் தனூப் வெள்ளம் சூறையாடிய செய்தி வந்ததும், வியன்னாவுக்கு விரைந்து வாசித்து, திரண்ட பணத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அனுப்பினார். பானில் பீத்தோவனுக்குச் சிலை எழுப்பப் பணம் போதாமல் பணி தடுமாறியபோதும் கைகொடுத்தவர் அவரே.

அவர் புனிதரல்லர். அதை மறைக்க நமக்குத் தேவையில்லை. திருமணம் செய்யாமலேயே மரி தகூல்ட் சீமாட்டியோடு வாழ்ந்து மூன்று பிள்ளைகளுக்குத் தந்தையானார். அந்தப் பிள்ளைகளோ தந்தையைப் பல ஆண்டுகள் பார்க்காமலே வளர்ந்தார்கள். கைதட்டல் நிறைந்த வீட்டிலும் பிள்ளைகள் அநாதைகளைப்போல் ஏங்க முடியும் என்பதை இங்கே காண்கிறோம்.

1847இல், 35ஆம் வயதில், புகழின் உச்சியில் நின்றபோது, அவர் தொழில்முறைக் கச்சேரிகளை விட்டுவிட்டார். பிறகும் மேடையேறி வாசித்தார். ஆனால் அது நற்பணிகளுக்காகவும் நண்பர்களுக்காகவும்தான். வைமார் நகரில் தங்கி, மற்றவர்களின் படைப்புகளை அரங்கேற்றினார். நாடு கடத்தப்பட்டிருந்த வாக்னரின் லோகென்கிரின் இசைநாடகத்தை 1850இல் முதன்முதலில் நடத்திக் காட்டியவர் அவர்தான்.

பிறகு துயரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 1859இல் மகன் டேனியல் 20 வயதில் இறந்தான். 1862இல் மூத்த மகள் பிளாண்டினும் போனாள். இவற்றுக்கு இடையே, 1861இல், கரோலின் சீமாட்டியோடு உரோமையில் நடக்கவிருந்த திருமணம் முந்தின நாள் இரவில் தடைபட்டது. லிஸ்ட் உரோமைக்கு வெளியே மோந்தே மாரியோ குன்றில் ஒரு துறவு மடத்து அறைக்குப் போய்விட்டார். 1863இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அங்கே வந்து அவர் வாசித்ததைக் கேட்டார். 1865இல், தம் 53ஆம் வயதில், லிஸ்ட் திருச்சபையின் சிறு பட்டங்களைப் பெற்றார். திருப்பலி நிறைவேற்றும் குருவாகவில்லை; ஆனாலும் கறுப்பு அங்கியை இறுதிவரை விடவில்லை. இதெல்லாம் நடிப்பு என்று கேலி பேசியவர்கள் உண்டு. 16 வயதில் கேட்ட கதவை 53 வயதில் மீண்டும் தட்டியவரை அவ்வளவு எளிதாகத் தீர்ப்பிட நமக்கு மனம் வரவில்லை.

முதுமையில் அவர் உரோமை, வைமார், புடாபெஸ்ட் என்று மாறி மாறி வாழ்ந்தார். வைமாரில் வாரத்தில் மூன்று பிற்பகல்கள் இளைஞர்கள் அவருடைய வீட்டுக்குத் திரண்டு வருவார்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றிலும் நின்று கேட்பார்கள். கட்டணம் கிடையாது. செர்னியிடம் இலவசமாகப் பெற்றதை அவர் இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படிக் கற்ற சிலோட்டி பின்னர் மாஸ்கோவில் ராக்மானினோவுக்குக் கற்றுக்கொடுத்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் சிலுவைப்பாதையின் 14 நிலைகளுக்கும் இசை அமைத்தார். ஒரு காலத்தில் பியானோ கம்பிகள் அறுந்துபோகும் அளவுக்கு வாசித்தவரின் கைகள் இங்கே ஒவ்வொரு சுரமாகத் தயங்கித் தயங்கி வைக்கின்றன. இயேசு கீழே விழும் ஒவ்வொரு முறையும் ஆண்குரல்கள் எழுந்து அடங்க, பெண்குரல்கள் தாய் மரியாவின் வியாகுலத்தைப் பாடுகின்றன. லிஸ்ட் இதை 1879இல் முடித்தார். பதிப்பாளர் வாங்க மறுத்துவிட்டார்.

1886ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் லிஸ்ட் பைராய்த்தில் காலமானார். சிலுவைப்பாதையின் தாள்கள் பாடுவாரின்றிக் கிடந்தன. 1929ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று, புடாபெஸ்டில், மக்கள் அதை முதன்முறையாகக் கேட்டார்கள்.